இலவசமாகப் படிக்கக் கொடுத்துவிட்டு எழுத்தில் பிழைக்க முடியுமா?

#1 தாழை

வணக்கம். தளத்தில் தொடராகப் போட்டுவந்த என் நாவல் போன வாரம் முடிந்தது. கடைசி எபிக்கு (அத்தியாயத்துக்கு) வந்த கருத்துகளுக்கே இன்னும் பதில் போட்டு முடிக்கவில்லை, அதற்குள் ஒரு பதிப்பகத்திலிருந்து அழைத்துவிட்டார்கள். பெயர் வேண்டாம், விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

புத்தகமாகப் போடத் தயார் என்கிறார்கள். ஆனால் தளத்தில் இருக்கும் கதையை முழுதாக எடுத்துவிட வேண்டுமாம். மின்னூல், ஒலிநூல் உரிமையும் அவர்களுக்கே. ராயல்டி 10 சதவீதம். எத்தனை பிரதி அடிப்பீர்கள், கணக்கு எப்போது தருவீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் பார்த்துக்கலாம் மேடம்" என்பதுதான் பதில்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். பாப்பா பிறந்தபிறகு வேலையை விட்டேன். வீட்டில் ஒரு சம்பளம். எழுத்தில் மாதம் பத்தாயிரம் நிலையாக வந்தால்கூட வேறு வேலை தேடாமல் எழுதிக்கொண்டே இருப்பேன். அதே சமயம் கதையைப் பூட்டிவைக்கவும் மனசு வரவில்லை. இரவுப் பணி முடிந்து பேருந்தில் படிக்கும் நர்ஸ் ஒருவர், மஸ்கட்டில் வீட்டு வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஓர் அக்கா, இப்படிப்பட்டவர்கள்தான் வாரா வாரம் கூடவே வந்தார்கள். இனி காசு கொடுத்தால்தான் கதை என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது?

தளத்தில் கதையின் லிங்க்கை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, அப்புறமும் எழுத்தில் சம்பாதிக்க வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 செம்பருத்தி

தாழை, முதலில் வாழ்த்துகள்ப்பா. கடைசி எபியை அழுதுகொண்டேதான் படித்தேன்.

ஆனால் லிங்க்கை எடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். இந்தத் தேதிக்குள் படித்துவிடுங்கள் என்று அறிவிப்புப் போட்டுவிட்டு எடுங்கள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் செய்கிறோம். விட்டுப்போனவர்களுக்காகப் பிறகு தளத்தில் மறுபடியும் ஒரு ரீரன் போடலாம்.

என் முதல் நாவல் திறந்தே இருந்தது. யாரோ எல்லா எபியையும் ஒட்டி பிடிஎஃப் ஆக்கி, செய்திச் செயலிக் குழுக்களில் சுற்றவிட்டார்கள். அட்டைப்படம் வேறு போட்டிருந்தார்கள். ஒவ்வோர் எபியின் கடைசியிலும் நான் வாசகர்களுக்கு எழுதியிருந்த நன்றி வரிகள் அப்படியே இருந்தன, என் பெயர் மட்டும் எங்குமே இல்லை. அதைப் பார்த்தபிறகு ரொம்ப நாள் எனக்கு எழுத உட்காரவே பிடிக்கவில்லை.

இன்னொன்று, அமேசானின் கிண்டில் மின்னூல் கடையில் ஏற்ற வேண்டும் என்றால் எடுத்தே ஆக வேண்டும். அது அவர்கள் விதி.

#3 கட்டற்றவன்

அந்த விதியைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் பாதியை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

கிண்டிலில் சாதாரணமாக ஏற்றினால் விலையில் 35 சதவீதம் நமக்கு. அப்படி ஏற்றுபவர் தன் கதையை வேறு இடத்திலும் வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர்த்தால் இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீதம் வரை வாங்கலாம். கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரர்கள் படிக்கும் பக்கங்களுக்கும் பணம் உண்டு. பக்கத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை கிடையாது. ஒரு பொது நிதியை மாதாமாதம் படிக்கப்பட்ட பக்கங்களுக்குப் பங்கிடுகிறார்கள், அதனால் ஏறி இறங்கும். இதற்கெல்லாம் பதிலாக, 90 நாள் அந்தப் படைப்பு மின்வடிவில் வேறு எங்கும் இருக்கக்கூடாது. உங்கள் சொந்தத் தளத்தில்கூட 10 சதவீதம் மாதிரி மட்டும்தான் வைக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. 90 நாள் முடிந்ததும் தானாகவே அடுத்த 90 நாள் தொடங்கிவிடும், வேண்டாமென்றால் நாம்தான் போய் நிறுத்த வேண்டும்.

ஆகவே லிங்க்கை எடுக்கும் பழக்கம் நம் வாசகர்களால் வந்ததல்ல. பெரும்பாலும் இந்த ஒரு திட்டத்தால் வந்தது.

செம்பருத்தி அக்காவுக்கு நடந்தது அநியாயம். பெயரை எடுத்தவனை நியாயப்படுத்த ஒன்றுமே இல்லை. ஆனால் கிண்டிலில் மட்டுமே கிடைக்கும் நாவல்களும் அதே மாதிரிக் குழுக்களில் சுற்றுகின்றனவே அக்கா. பூட்டியதால் அவை தப்பவில்லை. கதை திறந்திருந்தால், பெயரைத் தேடி வருபவர் முதலில் உங்கள் தளத்துக்கு வருகிறார். பெயர், அடுத்த கதை, புத்தகம் வாங்கும் வழி எல்லாம் அங்கே இருக்கும். திருட்டுக் கோப்பில் அவை எதுவுமே இருக்காது.

வெளியே நடந்ததையும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆண்டி வெயர் நிரலாளராக வேலை பார்த்துக்கொண்டே, செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவனின் கதையைத் தன் தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். கிண்டிலில் எளிதாகப் படிக்கும்படி ஏற்றித் தாருங்கள் என்று வாசகர்களே கேட்டார்கள். அங்கே வைக்க முடிந்த குறைந்த விலையான 99 சென்ட்டுக்கு 2011ல் ஏற்றினார். தளத்தில் சும்மா கிடைத்ததை எடுத்தவர்களைவிட அங்கே காசு கொடுத்து வாங்கியவர்கள் அதிகம் என்று அவரே சொல்லியிருக்கிறார். பெரிய பதிப்பகம் வந்தது, 2015ல் சினிமாவாகவும் வந்தது. அதற்கும் முன்னால், 2003ல், கோரி டாக்டரோ என்ற எழுத்தாளர் தன் முதல் நாவலைப் பதிப்பகம் அச்சில் விற்கும் அதே நாளில், மற்றவர்களும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் இலவசமாகவும் விட்டார். பதிப்பகம் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. அவருடைய அடுத்த நாவல்களையும் அதே பதிப்பகம் போட்டது.

#4 செம்பருத்தி

தம்பி, அவர்கள் இங்கிலீஷில் எழுதுகிறார்கள். உலகமே சந்தை. ஆயிரத்தில் ஒருவர் வாங்கினாலும் அவர்களுக்குப் போதும். நமக்கு அந்தக் கணக்கு வருமா? தமிழில் ஒரு உதாரணம் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

#5 அச்சுமை

தமிழில் கண்முன்னே நடந்த ஒன்று: எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று, மகாபாரதத்தை நாவல்களாகச் சொல்லும் வெண்முரசை ஆரம்பித்து, 2020 ஜூலை வரை தினமும் இணையத்தில் போட்டார். 26 நாவல்கள். ஒரு காசு கொடுக்காமல் இன்றைக்கும் படிக்கலாம். அவை அச்சிலும் வந்தன. படங்களோடு கெட்டி அட்டையில் வந்த பதிப்புகளுக்கு முன்பதிவு செய்து, ஆசிரியர் கையெழுத்தோடு வாங்கினார்கள். நான் சென்னையில் புத்தக வடிவமைப்பும் அச்சு வேலையும் பார்ப்பவன். தினமும் காலையில் திரையில் படித்தவர்கள்தான் அந்தக் கனமான புத்தகங்களைத் தேடி வந்தார்கள். கதை தெரியாமல் வந்தவர்கள் குறைவு.

இதுதான் நான் சொல்ல வந்தது. புத்தகம் வாங்குபவர் பெரும்பாலும் ஏற்கெனவே படித்தவர். பிடித்த கதையை அலமாரியில் வைத்துக்கொள்ள, அம்மாவுக்குக் கொடுக்க, கல்யாணத்துக்குப் பரிசளிக்க வாங்குகிறார். நந்தனத்தில் ஜனவரிப் புத்தகக் காட்சியில் நாலு நாள் கடையில் நின்றால் இது தெரிந்துவிடும். "இது நான் ஆன்லைன்ல படிச்சதுதான், புத்தகமா வேணும்" என்று கேட்பவர் புத்தகத்தைத் திருப்பி விலையைப் பார்ப்பதில்லை. புதுப்பெயரைக் கண்டு எடுப்பவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்.

சரி, தாழை கேட்ட காசு விஷயத்துக்கு வருகிறேன். கணக்குக்காக ஒரு நாவல் 250 பக்கம், விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

பதிப்பகம் 300 பிரதி விற்று 10 சதவீதம் ஒழுங்காகக் கொடுத்தால் உங்களுக்கு 9,000. ஒழுங்காகக் கொடுத்தால்.

நீங்களே தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் அடித்தால் பிரதிக்கு 120 ரூபாய் செலவு என்று வையுங்கள். தாளும் எண்ணிக்கையும் பொறுத்து இது மாறும். கடை வழியாக விற்றால் அவர்களுக்கு 40 சதவீதம் கழிவு, உங்கள் கைக்கு வருவது 180, செலவு போக 60. வாசகரிடம் நேராக, முன்பதிவில், 10 சதவீதத் தள்ளுபடியோடு 270க்குக் கொடுத்து, கூரியரைத் தனியாக வாங்கிக்கொண்டால் கையில் நிற்பது 150. நூறு வாசகர் நேராக வாங்கினால் 15,000. அதாவது பதிப்பகம் முந்நூறு பிரதி விற்றுத் தருவதைவிட, உங்களைத் தெரிந்த நூறு பேர் அதிகம் தருகிறார்கள்.

அந்த நூறு பேரை எங்கே பிடிப்பது? இலவசமாகத் திறந்திருக்கும் அந்தத் தொடரில்தான். அதைப் பூட்டச் சொல்பவர் உங்கள் கடை வாசலையே பூட்டச் சொல்கிறார்.

முன்பதிவுக்கு இன்னொரு வசதி, கைக்காசு போடாமல் அச்சுக்குப் போகலாம். எத்தனை பேர் பணம் கட்டினார்களோ அதற்கு மேல் இருபது முப்பது பிரதி கூட அடித்தால் போதும். கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகப் புத்தகம் கிடந்து கரையான் அரிக்கும் நிலை வராது.

#6 வாடகைநூல்_மதுரை

மதுரையில் வாடகை நூலகம் நடத்துகிறேன். குடும்ப நாவல்கள்தான் எங்களுக்குச் சோறு.

அச்சுமை சார் சொல்வது எங்கள் மேசையிலும் நடக்கிறது. அம்மாமார்கள் கைப்பேசியை எடுத்து, கதை அட்டையின் படத்தைக் காட்டி, "இது வந்திருக்கா?" என்கிறார்கள். பேரன் பேத்தி தூங்கினபிறகு கைப்பேசியில் படித்த கதையாக இருக்கும். கண் வலிக்குது, புத்தகமாக இன்னொரு தடவை படிக்கணும் என்பார்கள். அப்படி நாலு பேர் கேட்டால் நான் இரண்டு பிரதி வாங்கிவிடுவேன். யாருமே கேட்காத பெயரை, விற்பனைப் பிரதிநிதி எவ்வளவு சொன்னாலும் யோசித்துத்தான் எடுப்பேன்.

இணையத்தில் நிறையப் பேர் படித்த எழுத்தாளர்களைத்தான் இங்கே பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். இலவசமாகப் போட்டால் நூலகத்தில் ஓடாது என்பது என் அனுபவத்தில் இல்லை.

#7 தேம்ஸ்கரை

மதுரை ஐயா வாங்கும் ஒரு பிரதி அட்டை கிழியும்வரை எத்தனையோ கைக்குப் போகும். எழுத்தாளருக்கு வருவது அந்த ஒரு பிரதிக்கான ராயல்டி மட்டும். இங்கே பிரிட்டனில் 1979ல் ஒரு சட்டம் போட்டார்கள். பொது நூலகத்தில் இரவல் போகும் ஒவ்வொரு தடவைக்கும் எழுத்தாளருக்குச் சில பென்ஸ் அரசு கொடுக்கிறது. ஒருவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 6,600 பவுண்டு. டென்மார்க்கில் 1946லிருந்தே இருக்கிறது. வாசகர் இலவசமாகத்தான் படிக்கிறார், எழுத்தாளருக்கும் பணம் போகிறது. இந்தியாவில் இப்படி ஒன்று இல்லை. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையைப் பற்றி மட்டுமே பேசும் நம் எழுத்தாளர் அமைப்புகள் இதையும் கேட்க வேண்டும்.

#8 வடமராட்சி

தங்கச்சி தாழை, நான் டொரொண்டோவில இருந்து எழுதுகிறேன். உங்கட கதையை வேலைக்குப் போகிற ரயிலில வாசிச்சனான். தயவுசெய்து பூட்டாதேங்கோ. இந்தியாவில் இருந்து ஒரு புத்தகம் எடுப்பிக்க வேண்டுமென்றால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற என்ர அக்காவுக்கும் இதே பிரச்சினைதான். எங்கட ஆக்களுக்கு இணையம்தான் புத்தகசாலை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் இல்லையென்றால் ஈழத்துப் பழைய புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் நான் கண்ணாலும் கண்டிருக்க மாட்டேன்.

ஆனால் ஒரு மனக்குறை. காசு கொடுக்க விருப்பம் இருந்தும் கொடுக்க வழி இல்லை! கதையின் அடியில யூபிஐ படம் போடுகிறார்கள். இந்திய வங்கிக் கணக்கு இல்லாத எங்களுக்கு அது வேலை செய்யாது. பத்து டொலர் அனுப்ப நான் தயார். எனக்குத் தெரிந்து இன்னும் பலர் தயார்.

#9 கட்டற்றவன்

வடமராட்சி அண்ணா சொன்னது மிக முக்கியம். பேபால் 2021ல் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையைத்தான் நிறுத்தியது. வெளிநாட்டிலிருந்து இந்தியர்கள் பணம் பெறுவது இன்னும் முடியும். தாழை, கதையின் கீழே இரண்டு வழியும் வையுங்கள். உள்நாட்டுக்கு யூபிஐ, வெளிநாட்டுக்குப் பேபால். நன்கொடை என்று வாங்குவதைவிட, அழகாக வடிவமைத்த ஈபப் என்ற மின்னூல் கோப்புக்கு விலை என்று வைத்து வாங்குங்கள். கதை தளத்தில் இலவசம், கையடக்கமான கோப்பு வேண்டுபவருக்கு விலை. வருமானக் கணக்கு காட்டவும் அது தெளிவாக இருக்கும்.

நாங்கள் 2013லிருந்து ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்துக்கு வேலை செய்கிறோம். எழுத்தாளர் அனுமதி கொடுத்தால் ஈபப், மோபி, பிடிஎஃப் எல்லாம் தன்னார்வலர்களே செய்து வெளியிடுகிறோம். வாசகரிடமிருந்து மின்னஞ்சல் வரும் எழுத்தாளர்கள் எல்லோரிடமும் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: உங்கள் அடுத்த புத்தகம் எங்கே கிடைக்கும் என்று இந்தக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்களா? பாதிப்பேர் போட்டிருக்க மாட்டார்கள். இலவசமாகக் கொடுப்பதில் கூச்சமில்லை, காசு கேட்பதில்தான் நம்மவர்களுக்கு அத்தனை கூச்சம்.

#10 பழுப்புத்தாள்

பெரியவன் ஒருவன் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்.

இலவசமும் விலையும் சேர்ந்து நடப்பது நமக்குப் புதிதல்ல. 1907ல் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் பாரதிக்கு எதிர் அணியில் இருந்தவர், பாரதியின் பாடல்களைக் கேட்டு நெகிழ்ந்து 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அச்சுக்காரருக்குக் காசு போயிற்று, பள்ளிக்கூடங்களுக்குப் பாட்டு போயிற்று. அதே பாரதி 1920ல் கடையத்திலிருந்து நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். தன் எழுத்துகளை 40 நூல்களாக, நூலுக்கு 10,000 பிரதி அச்சிடப் போகிறேன், கடனாகப் பணம் அனுப்புங்கள் என்று கேட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல எல்லா வீட்டிலும் தன் புத்தகம் புழங்கும் என்று நம்பினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் போய்விட்டார். இன்றைக்கு அச்சுமை சொல்லும் முன்பதிவைத்தான் அந்த மனிதர் தபாலில் கேட்டுப் பார்த்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அடுத்து, இலவசமாகக் கிடைத்தால் புத்தகம் விற்காது என்பவர்கள் பொன்னியின் செல்வனைப் பார்க்க வேண்டும். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஐந்து பாகமும், தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் பல ஆண்டுகளாக இலவசமாக இருக்கின்றன. அந்தத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. ஆனாலும் எந்தப் புத்தகக் காட்சிக்குப் போனாலும் எத்தனை பதிப்பகம் அதைப் போட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மலிவுப் பதிப்பு, படப் பதிப்பு, ஒரே தொகுதி, ஐந்து தொகுதி. இலவச மூலம் கையிலேயே இருக்க, மக்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். ஆகவே இலவசப் பிரதி அச்சு விற்பனையைக் கொல்லும் என்பதற்கு எதிரான சாட்சி நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது.

அதில் விற்கும் பதிப்பாளர் எழுத்தாளர் குடும்பத்துக்குப் பங்கு தர வேண்டியதில்லை, அது நாட்டுடைமையின் இயல்பு. வாழும் எழுத்தாளரின் நிலை வேறு. படிப்பவரைத் தடுக்க அவர் மெனக்கெட வேண்டாம். விற்பவரிடம் தன் பங்கை ஒழுங்காக வாங்க மெனக்கெட வேண்டும். தாழை அம்மா, அந்தப் பதிப்பாளர் உங்களைப் படிப்பவரோடு மோதவிட்டுவிட்டு, தான் கணக்குச் சொல்வதிலிருந்து நழுவுகிறார்.

#11 செம்பருத்தி

ஐயா சொன்ன கடைசி வரி உறைத்தது. என் ராயல்டிக் கணக்கு எப்போதுமே வாய்வார்த்தையாகத்தான் வந்திருக்கிறது, காகிதத்தில் வந்ததே இல்லை.

ஆனால் ஒன்றை விட்டுவிடாதீர்கள். கல்கி பத்திரிகை நடத்தியவர். ஜெயமோகன் தன் வாழ்க்கைச் செலவுக்குச் சினிமா எழுத்து என்று அவரே எழுதியிருக்கிறார். ஆண்டி வெயருக்கு மாதச் சம்பளம் இருந்தது. மூன்று பேருக்குமே அடுப்பு எரிய வேறு வழி இருந்தது. தாழைக்கு அது இல்லை. லிங்க்கைத் திறந்து வை, காசு தானாக வரும் என்று யாரும் அவளிடம் சொல்லிவிடக் கூடாது. தினம் ராத்திரி பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறவள் அவள். எனக்குத் தெரியும்.

#12 அச்சுமை

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. காசு தானாக வராது. ஒரு நாவலை வைத்துக்கொண்டு மாதம் பத்தாயிரம் என்று நானும் சொல்ல மாட்டேன், சொல்பவரை நம்பவும் வேண்டாம்.

முழுநேர எழுத்தில் நிற்பவர்களை நான் பார்த்தவரை, ஒரு புத்தகத்தில் நிற்கவில்லை. ஐந்து, ஆறு, பத்து என்று பழைய நாவல்கள் பின்னால் இருக்கின்றன. புதுத் தொடர் ஓடும்போது புது வாசகர் வருகிறார், பழையதைக் கேட்கிறார். முன்பதிவில் கொஞ்சம், வாடகை நூலகத்தில் கொஞ்சம், கிண்டிலில் கொஞ்சம், சொந்தக் குரலில் யூடியூபில் ஒலிநாவலாகப் படித்துக் கொஞ்சம். பல வாய்க்காலில் சொட்டுச் சொட்டாக வருவதைச் சேர்த்தால்தான் ஒரு சம்பளம். அந்த எல்லா வாய்க்காலும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அதனால்தான் மின்னூலும் ஒலிநூலும் சேர்த்து எழுதிக்கொடு என்பது எனக்குக் கோபத்தை வரவைக்கிறது. அச்சு உரிமைக்கு 10 சதவீதம் பேசிவிட்டு, மற்ற இரண்டு வாய்க்காலையும் சும்மா கேட்கிறார்கள்.

எல்லா நாவலையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்றும் இல்லை. புது நாவல் எப்போதும் திறந்திருக்கட்டும். பழையதில் ஒன்றிரண்டைச் செலக்டில் போட்டுப் பாருங்கள். 90 நாளில் என்ன வந்தது என்று உங்கள் கணக்கிலேயே தெரியும். பிடிக்காவிட்டால் புதுப்பிக்காமல் வெளியே எடுத்து மறுபடியும் திறந்துவிடலாம்.

#13 பிரிவு19

சட்டம் படித்தவன் என்பதால் ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒவ்வோர் எழுத்தாளரும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். தொலைபேசியில் சரி என்று சொன்னது உரிமை மாற்றம் ஆகாது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்று அதில் குறிப்பிட்டிருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். உரிமை வாங்கியவர் ஓர் ஆண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரிச் சொல்லாதவரை, அந்த உரிமை உங்களிடமே திரும்பிவிடும். "வேறு மாதிரி" என்ற வரியைத்தான் சில ஒப்பந்தங்களில் சிறிய எழுத்தில் நுழைத்துவிடுவார்கள், கவனம்.

2012 திருத்தத்தில் இன்னொன்று சேர்ந்தது. ஒப்பந்தம் போட்டபோது வணிகப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதாதவரை, அந்த ஒப்பந்தம் பொருந்தாது. நாளைக்கு என்ன வரும் என்று நமக்குத் தெரியாது. "இனி வரப்போகும் எல்லா வடிவங்களும்" என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: அச்சு உரிமை மட்டும், தமிழில் மட்டும், மூன்று ஆண்டு மட்டும். தளத்தில் இலவசமாக இருப்பதைப் பதிப்பாளர் அறிந்து சம்மதிக்கிறார் என்று ஒரு வரி.

#14 தாழை

எல்லோருக்கும் நன்றி. இத்தனையும் ஓர் இடத்தில் படித்தபிறகுதான் எனக்குத் தெளிந்தது. நான் கதையை இலவசமாகக் கொடுப்பதா வேண்டாமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அவர்கள் அதைவிடப் பெரிதாக வேறொன்றைக் கேட்டிருக்கிறார்கள்.

கட்டற்றவன் தம்பி, ஒரு சந்தேகம். கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டால் பிறகு மனசு மாறினால் திரும்ப எடுக்கலாமா?

#15 கட்டற்றவன்

எடுக்க முடியாது அக்கா. புதிதாகக் கொடுப்பதை நிறுத்தலாம், ஏற்கெனவே எடுத்தவரின் உரிமை தொடரும். அதனால் அவசரப்படாதீர்கள். சும்மா உங்கள் தளத்தில் திறந்து வைப்பதற்கு எந்த உரிமமும் தேவையில்லை, முழு உரிமையும் உங்களிடமே இருக்கும். மற்றவர்களும் பகிரட்டும், மின்னூல் தளங்களில் வரட்டும் என்று நினைத்தால் பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குக் கூடாது என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் விற்கும் உரிமை உங்களிடமே நிற்கும். ஆனால் செலக்டுக்கு அந்த நாவலை அனுப்பும் வழி அடைபட்டுவிடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். செம்பருத்தி அக்காவின் கதையில் பெயரை எடுத்தது இந்த உரிமத்தின்படியும் மீறல்தான்.

#16 தாழை

பதிப்பாளருக்கு இப்படி எழுதியிருக்கிறேன். அனுப்பும் முன் ஒரு தடவை பாருங்கள்.

"வணக்கம். நாவலை நீங்கள் அச்சில் கொண்டுவருவதில் எனக்கு மகிழ்ச்சி. தமிழ் அச்சு உரிமையை மட்டும் மூன்று ஆண்டுகளுக்குத் தருகிறேன். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகள் என்னிடமே இருக்கும். கதை என் தளத்தில் தொடர்ந்து இலவசமாக இருக்கும், அங்கேயே உங்கள் புத்தகத்தை வாங்கும் வழியையும் போடுகிறேன். முதல் பதிப்பில் எத்தனை பிரதி என்பதை ஒப்பந்தத்தில் குறிப்பிட வேண்டுகிறேன். இது சரிப்படாவிட்டால் வருத்தமில்லை, வாசகர்களிடம் முன்பதிவு வாங்கி நானே அச்சிட்டுக்கொள்கிறேன்."

#17 செம்பருத்தி

கடைசி வாக்கியத்தை எடுக்காதே. அவர்கள் வேண்டாமென்றால் என் பெயரில் இரண்டு பிரதி, முதல் ஆளாக எழுதிக்கொள். என் முதல் நாவலையும் என் பெயரோடு மறுபடி தளத்தில் போடலாம் என்று இருக்கிறேன். பழையபடி எபி எபியாக, ஒவ்வொன்றின் கீழும் அந்த நன்றி வரிகளோடு.

#18 வடமராட்சி

எனக்கு மூன்று. பேபால் முகவரியை மறக்காமல் போடுங்கோ தங்கச்சி.

#19 பிரிவு19

நன்றாக இருக்கிறது. இரண்டு வரி சேருங்கள். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், அச்சிட்டது விற்றது இருப்பு மூன்றும் காட்டும் கணக்கு எழுத்தில் தர வேண்டும். இரண்டு தவணை தொடர்ந்து தராவிட்டால் உரிமை தானாக உங்களிடம் திரும்பும். "பார்த்துக்கலாம் மேடம்" என்றவர் இந்த இரண்டு வரிக்கு என்ன சொல்கிறார் என்பதை இங்கேயே வந்து எழுதுங்கள்.